எனக்கு அறுபது குதிரை போதும்

சத்தத்தைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, இது என் கார் இல்லை என்று.

தங்கச்சி மகள் கல்யாணத்துக்காகப் பாளையங்கோட்டைக்குப் போனவள், பதினாறு நாள் கழித்து அந்தத் திங்கட்கிழமை காலையில்தான் டெல்லி துவாரகா வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் எபினேசர் புது மாப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "வினோ, கீழ வா, ஒண்ணு காட்டணும்" என்று பேஸ்மென்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். காரின் மேல் போட்டிருந்த தார்ப்பாயை உருவினார். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என் கார் நாலு தடவை இருமிவிட்டு ஐந்தாவது தடவைதான் கிளம்பும். அன்றைக்கு முதல் தடவையே உறுமியது. பக்கத்தில் நின்ற ஸ்கூட்டியின் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது.

"என்ன செஞ்சீங்க?" என்றேன்.

"நம்ம கல்யாண வெள்ளி விழாவுக்கு ஒனக்குப் பரிசு. அறுபது குதிரை பவர்தான இருந்துச்சு. இப்ப தொண்ணூத்தஞ்சு."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1972-இல் இங்கிலாந்தில் செய்த கார். இரண்டே இரண்டு சீட், மேலே துணிக்கூரை. பெயரைச் சொன்னால் உடனே என்ன விலை போகும் என்று கேட்பீர்கள், அதனால் சொல்ல மாட்டேன். ஏதோ ஒரு தூதரகக்காரர் கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. கை மாறி கை மாறி வசந்த் விஹாரில் ஒரு வீட்டு ஷெட்டில் கிடந்தது. 1999-இல் நான் அதை வாங்கினேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, ஐ.சி.யூ. நர்ஸ். நகை வாங்க வேண்டிய காசில் ஓட்டைக் கார் வாங்கியிருக்கிறாள் என்று அப்பா பத்து நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று இருந்தேன். நர்சிங் படித்தது அப்பா சொல்லி. டெல்லிக்கு வந்தது அத்தை சொல்லி. கல்யாணம் பாஸ்டர் சொல்லி. யாரையும் கேட்காமல் நான் செய்த காரியம் அந்தக் கார் ஒன்றுதான்.

டெல்லியில் பதினைந்து வயசுக்கு மேல் ஆன பெட்ரோல் வண்டி ரோட்டில் ஓடக்கூடாது. அதனால்தான் இத்தனை வருஷமாக அது தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. எங்கள் அடுக்குமாடி சொசைட்டி செக்ரட்டரி சந்திரமௌலி, ஓடாத வண்டிக்கெல்லாம் பேஸ்மென்ட்டில் இடம் கிடையாது, மாதக் கடைசிக்குள் எடுக்காவிட்டால் ஸ்கிராப்காரனைக் கூப்பிட்டு ஏற்றிவிடுவேன் என்று மூன்று நோட்டீஸ் அனுப்பிவிட்டார். காரைக் காப்பாற்ற எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஐம்பது வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பிறந்தபடி இருக்க வேண்டும். இன்ஜினை மாற்றியிருந்தால் அது விண்டேஜ் இல்லை, வெறும் பழைய வண்டி.

அதற்காக நான் பதினான்கு மாதம் அலைந்திருக்கிறேன். நைட் ட்யூட்டி முடித்த கையோடு போய் வரிசையில் நின்றிருக்கிறேன். கடைசியில் ஆய்வுக்குத் தேதி கிடைத்தது, வருகிற வியாழக்கிழமை. இந்த மனுஷன் திங்கட்கிழமை என்னைக் கீழே கூட்டிக்கொண்டு வந்து தொண்ணூற்றைந்து குதிரை என்கிறார்.

"இன்ஜின மாத்திட்டீங்களா?" என்றேன்.

"ஆமா. அதே கம்பெனி இன்ஜின்தான், ஆனா பெருசு. லூதியானாலருந்து எடுத்தோம். வெளிய பாத்தா வித்தியாசமே தெரியாது. பழசு செத்துப்போச்சு வினோ. எண்ணெயக் குடிச்சுது, புகை கக்குச்சு. வியாழக்கிழமை ஆய்வுல புகையப் பாத்தா ஃபெயில் பண்ணிருவான்லா. அதான் நீ வாரதுக்குள்ள ஜல்தியா முடிச்சேன்."

"ஒரிஜினல் இன்ஜின் இருக்கணும்னு நான் ஒங்ககிட்டச் சொல்லல?"

"ஒரிஜினல்னா, அந்தக் கம்பெனி பார்ட்டா இருக்கணும்னு நெனச்சேன். லோக்கல் பார்ட் போட்ரக் கூடாதுன்னு." அவருடைய சிரிப்பு மெதுவாக இறங்கியது. "எங்க பிளேன்ல இன்ஜின் வருஷத்துக்கு வருஷம் மாறும் வினோ. இறக்கைல ஒண்ணக் கழத்திட்டு வேற ஒண்ண மாட்டுவோம். அதுக்காக அது வேற பிளேன் ஆயிருமா?"

என் வீட்டுக்காரர் ஏர்போர்ட்டில் விமானப் பராமரிப்பு என்ஜினியர். இருபத்துநாலு வருஷம் அந்த வேலை பார்த்தவருக்கு இன்ஜின் என்பது கழற்றி மாட்டுகிற சாமான். அவர் என்னை ஏமாற்றவில்லை. அவருக்கு நான் சொன்னது காதில் விழுந்திருக்கிறது, ஆனால் அவருடைய பாஷையில் விழுந்திருக்கிறது. அதை நினைக்க நினைக்க எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பேன்.

"எறங்குங்க" என்றேன்.

சாவியை வாங்கி நானே உட்கார்ந்தேன். சட்டம் தெரிந்துதான் கேட்டுக்கு வெளியே எடுத்தேன், பிடித்தால் பிடிக்கட்டும் என்று. அவர் ஓடிவந்து பக்கத்தில் ஏறிக்கொண்டார். செக்டர் ரோட்டில் இரண்டாவது கியரில் மிதித்தேன்.

பொய் சொல்ல மாட்டேன். முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. துப்பட்டா பறந்தது. ஐம்பத்தொரு வயசுப் பொம்பளை நான், வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பத்து விநாடி எனக்கு ஆய்வும் மறந்துபோனது, அலைந்த பதினான்கு மாதமும் மறந்துபோனது. அப்புறம் முன்னால் ஒரு இ-ரிக்‌ஷா ஒடித்துத் திரும்பியது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. இன்னும் மிதித்தேன். ரிக்‌ஷாவின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. உள்ளே பள்ளிக்கூடப் பை மாட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகள்.

"பிரேக் அதே பழசா?" என்றேன்.

"அடுத்தது அதான் மாத்தணும்னு இருக்கேன்" என்றார்.

அடுத்தது பிரேக். அதற்கடுத்து கிளட்ச். அதற்கடுத்து கியர் பாக்ஸ். பவரைக் கூட்டிவிட்டால் அது தாங்குகிற மாதிரி மற்றதையெல்லாம் கூட்ட வேண்டும், கூட்டி முடிக்கும்போது பழைய கார் என்று எதுவும் மிஞ்சாது. இது விமானத்துக்கு சர்வீஸ் பண்ணுகிறவருக்குத் தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ஸ்விஃப்ட்காரன் ஒருத்தன் எப்போதோ எங்களை முந்திக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தானாம், அது இவருக்கு இருபது வருஷமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. எனக்கு உறுத்தவே இல்லை. முந்துகிறவன் முந்தட்டும் என்றுதான் நான் ஓட்டினேன். அறுபது குதிரையை வைத்துக்கொண்டு லோதி ரோடு மரங்களுக்குக் கீழே நாற்பதில் போவதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பேஸ்மென்ட்டில் விட்டேன். "பழைய இன்ஜின் எங்க?" என்று கேட்டேன். அப்போதுகூட எனக்கு நம்பிக்கை இருந்தது. இன்னும் மூன்று நாள் இருக்கிறது. பழையதைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டால் புகை வந்தால் வரட்டும், பதிவுப் புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண் சரியாக இருக்கும்.

"குல்தீப்கிட்ட" என்றார். அப்புறம் ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டார்.

ஆட்டோ பிடித்து மாயாபுரிக்குப் போனோம். குல்தீப் என்கிற அந்த மெக்கானிக்கின் ஷெட் ஒரு சந்துக்குள் இருந்தது. நான் போனதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "வண்டி எப்படி மேடம்ஜி?" என்று இந்தியில் கேட்டான். பழைய இன்ஜினைக் காட்டு என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்தான். அப்புறம் மூலையில் கிடந்த சாக்கை இழுத்தான்.

என் இன்ஜின் இரண்டாக அறுபட்டுக் கிடந்தது. நடுவில், சரியாக எண் குத்தியிருந்த இடத்தின் வழியாக. மிச்ச எண்ணையும் கிரைண்டரை வைத்து உரசி வழித்தெடுத்திருந்தார்கள். இரண்டு துண்டிலும் சிவப்பு அட்டை ஒன்று கம்பியால் கட்டியிருந்தது. தேதி, காரணம், கீழே என் வீட்டுக்காரர் கையெழுத்து.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் மேடம்ஜி. சாஹிப்தான் கிரைண்டரை வாங்கி அவரே அறுத்தார்" என்றான் குல்தீப்.

அந்த அழுக்குத் தரையில் உட்கார்ந்து ஒரு துண்டைக் கையால் தடவிப் பார்த்தேன். வெட்டின இடம் பளபளவென்று இருந்தது.

"ஏன்?" என்றேன்.

"ஸ்கிராப்புக்குப் போற பார்ட்ட முழுசா வெளிய விடக் கூடாது வினோ. எவனாவது பாலிஷ் போட்டு நல்லதுன்னு வித்துருவான். அத இன்னொருத்தன் பிளேன்ல மாட்டிட்டா? நம்பர அழிச்சு, அறுத்து, டேக் கட்டித்தான் போடணும். எங்க வேலைல அதான் ரூல்."

"இது பிளேனா?"

"இல்ல."

"எளவு, இது பிளேனான்னு கேக்கேன். என் காரு, நான் வாங்குனது. இத அறுக்கதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு என்ட்ட ஒரு வார்த்த கேக்கத் தோணலயா ஒங்களுக்கு? வேலைல ஒரு ஸ்குரூவக் கழத்துனாலும் நாலு பேப்பர்ல எழுதி நாலு பேர்ட்ட ஒப்புதல் வாங்குவீங்கல்லா. என்ட்ட வாங்குனீங்களா? கூறுகெட்டுப் போச்சா ஒங்களுக்கு?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு…"

"சவத்து சர்ப்ரைஸு."

குல்தீப்புக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புரிந்துகொண்டான். டீ வாங்கிவரச் சொல்லவா என்று கேட்டான். அப்புறம் தலையைச் சொறிந்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்: "மேடம்ஜி, புது இன்ஜினில் பழைய நம்பரைக் குத்தித் தருகிறேன். மேலே எண்ணெயும் கரியும் தடவிவிட்டால் ஐம்பது வருஷத்து நம்பர் மாதிரியே இருக்கும். யாருக்கும் தெரியாது."

"குத்து" என்றேன்.

"வினோ, அது ஃபோர்ஜரி" என்றார் இவர்.

அப்போதுதான் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "நீங்க அறுத்தா ரூலு, நான் ஒட்டுனா ஃபோர்ஜரியா? ஒரு வார்த்த பேசக் கூடாது. வியாழக்கிழமை வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது நீங்க."

மறுநாள் குல்தீப் வந்து பேஸ்மென்ட்டிலேயே வைத்து எண்ணைக் குத்தினான். சுத்தியல் ஒவ்வொரு தடவை விழும்போதும் இவர் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த மூன்று நாளும் நான் அவரோடு பேசவில்லை. சோறு வைத்தேன், சட்டை தேய்த்து வைத்தேன், பேச்சு மட்டும் கிடையாது. அவர் எதற்காகக் கண்ணை மூடினார் என்று எனக்குத் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு விமானத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஐந்து மணி நேரம் நிறுத்தி வைத்தவர். மேலே இருந்து போன் மேல் போன் வந்தது. பார்ட் மாற்றிய பேப்பரில் ஒரு தேதி சரியில்லை, போட மாட்டேன் என்றார். தண்டனையாக எட்டு மாதம் ஹேங்கர் வேலைக்குத் தூக்கிப் போட்டார்கள். அப்போதும் அசையவில்லை. எந்தக் காகிதமாக இருந்தாலும் இரண்டு தடவை படிக்காமல் பேனாவைத் தொட மாட்டார். அவருக்கு இருக்கிற ஒரே கர்வம் அந்தக் கையெழுத்துதான். அதனால் என்ன என்று நினைத்தேன். எனக்கு இருந்தது அந்தக் கார் ஒன்றுதான்.

வியாழக்கிழமை காரை ஒரு டெம்போவில் ஏற்றி ஆய்வுக்குக் கொண்டு போனோம். அவர் ஷிஃப்ட்டிலிருந்து நேராக வந்தார், கழுத்தில் ஏர்போர்ட் பாஸ் தொங்கியது. ஆய்வாளருக்கு ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். நல்ல மனுஷன். காரைச் சுற்றிச் சுற்றி வந்து, எவ்வளவு அழகாக வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னார். சேசிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். பானெட்டைத் திறந்தார். இன்ஜின் எண்ணைக் கட்டை விரலால் ஒரு தடவை தடவினார். விரலில் வந்த கரியைப் பார்த்தார். குனிந்து டார்ச் அடித்து மறுபடியும் பார்த்தார்.

"எழுத்து கொஞ்சம் புதுசாகத் தெரிகிறதே" என்றார்.

"சுத்தம் பண்ணினோம்" என்றேன். குரல் நடுங்கவில்லை. கோபம் இருக்கிறவளுக்குக் குரல் நடுங்காது.

ஆய்வாளர் யோசித்தார். அப்போது எபினேசரின் கழுத்துப் பாஸ் அவர் கண்ணில் பட்டது. விமான என்ஜினியரா என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர். வண்டியை யார் பராமரிப்பது என்று கேட்டார். நான்தான் என்றார் இவர். அந்த மனுஷன் முகம் தெளிந்தது. "அப்போ கவலையே இல்லை. இன்ஜின் மாற்றப்படவில்லை என்று இந்தப் பேப்பரில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள், உங்கள் லைசன்ஸ் நம்பரையும் எழுதுங்கள். நீங்கள் போடுகிற கையெழுத்தை நம்பி நூற்றெண்பது பேர் வானத்தில் பறக்கிறார்கள். நான் நம்ப மாட்டேனா?"

பேப்பரை நீட்டினார்.

உண்மையைச் சொல்கிறேன். போடட்டும் என்றுதான் நினைத்தேன். போடட்டும், அவருடையதும் அறுபடட்டும், அப்போது தெரியும் என்று நினைத்தேன். மூன்று நாளாக வயிறு எரிந்துகொண்டிருந்தவளுக்கு அந்த நினைப்பு இனித்தது.

எபினேசர் பேப்பரை வாங்கினார். படிக்கவில்லை. ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. காரின் பானெட் ஓரத்தில் வைத்து, பேனாவைத் திறந்து, தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார். லைசன்ஸ் நம்பரை எழுதினார். கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கேள்வி ஒன்றும் இல்லை அந்தப் பார்வையில். இது போதுமா, கணக்கு சரியாகிவிடுமா என்கிற மாதிரிதான் பார்த்தார். பேனா காகிதத்தில் இறங்கியது.

"போடாதீங்க" என்றேன்.

அவர் நிறுத்தவில்லை. நான் பேனாவைப் பிடுங்கிவிட்டேன். காகிதத்தில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. ஆய்வாளரிடம் இந்தியில் சொன்னேன்: "இன்ஜின் மாற்றியது சார். இந்த நம்பர் பொய். நான்தான் குத்தச் சொன்னேன், அவர் இல்லை."

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். அந்தப் பேப்பரை நாலாகக் கிழித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "மனுவை நீங்களே வாபஸ் வாங்கிக்கொண்டதாக எழுதிக் கொடுங்கள் மேடம். அந்த நம்பரை முதலில் உரசி எடுங்கள். மாதக் கடைசிக்குள் வண்டியை டெல்லிக்கு வெளியே கொண்டு போய்விடுங்கள். இனிமேல் இது விண்டேஜ் ஆகாது" என்றார். எழுதிக் கொடுத்தேன். அதற்கு எனக்கு இரண்டு நிமிஷம்தான் ஆனது.

மறுபடியும் காரை டெம்போவில் ஏற்றினார்கள். தொண்ணூற்றைந்து குதிரையைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். தௌலா குவான் சிக்னலில் வண்டி நின்றது.

"ஜெய்ப்பூர்ல ஒருத்தர் இருக்காரு. இந்தப் பவர்னா உடனே எடுத்துக்கிடுவாரு. நல்லா வச்சுக்கிடுவாரு" என்றார் இவர்.

"பேசாதீங்க."

சிக்னல் விழுந்தது. டெம்போ நகர்ந்தது. பின்னால் என் கார் ஒரு தடவை குலுங்கியது எனக்குக் கேட்டது.

"ஏளா, ஏன் தடுத்த? நான் போட்டுருப்பேம்லா. கார் ஒனக்கு இருந்திருக்கும்லா."

"இருந்திருக்கும். நாளையிலருந்து டெய்லியும் பிளேனுக்குக் கீழ நின்னு கையெழுத்துப் போடும்போது ஒங்க கை நடுங்கும். அதை நான் வீட்ல வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கணுமா? என் கார்தான் போச்சு. நீங்களும் போகணுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்தான்.

எனக்கு அதற்கும் கோபம்தான் வந்தது. போனது என் கார். அழ வேண்டியவள் நான்.